தலைவர் பெயரில் ஒழுகிய கூரை

பொத்தென்று ஒரு சத்தம். கூரையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காரைத் துண்டு பெயர்ந்து, வரிசையாக நின்ற மரத்தலைகளில் ஒன்றின் உச்சியில் விழுந்தது. அதன் பின்னாலேயே தண்ணீர் வந்தது. முதலில் சொட்டாக, பிறகு நூலாக, பிறகு கயிறாக.

"ஐயோ, மகாராணி!" என்று அலறிக்கொண்டு ஓடினார் டோப்பாக்காரர்.

மகாராணி என்பது ஒரு டோப்பா. பக்கத்தில் நீதிபதி, விதூஷகன், இரட்டைச் சகோதரிகள், ஒரு கிழட்டு மந்திரவாதி என்று ஒரு நாடகக் கம்பெனிக்கே தேவையான தலைமுடி அலமாரி நீளத்துக்கு அணிவகுத்திருந்தது. ஒவ்வொரு முடியையும் கொக்கி ஊசியால் வலையில் முடிந்து செய்த வேலை. வலை நனைந்தால் சுருங்கும். சுருங்கினால் மகாராணியின் டோப்பா கைக்குழந்தைக்குக்கூடப் பொருந்தாது. வார இறுதியில் நாடகம் அரங்கேறுகிறது. "இந்தத் தடவை சொதப்பினா அடுத்த தடவைன்னு ஒண்ணு கிடையாது" என்று நாடக மேனேஜர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அந்தக் கம்பெனியை விட்டால் டோப்பாக்காரருக்கு வேறு பிழைப்பும் இல்லை. அலமாரிக் கோடியில் துண்டு போட்டு மூடிய டோப்பா ஒன்றைத் தவிர.

அது யாருடையது என்று அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. டாக்டருக்கும் டோப்பாக்காரருக்கும் தர்மம் ஒன்றுதான். வந்தவர் யார் என்று வெளியே மூச்சுவிடக்கூடாது. இத்தனைக்கும் டோப்பாக்காரர் தலை சுத்தமான வழுக்கை. தன் சரக்கைத் தானே போட்டுக்கொண்டால் வியாபாரத்துக்கு ஆகாது என்பது அவர் கொள்கை.

மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறவர். சீருடையில், ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே அண்ணாந்து பார்த்தார்.

"மொட்டைமாடித் தொட்டி கசியுதுன்னு நான் சொல்லிக்கிட்டே இருந்தேன்ல?"

"என்கிட்ட சொல்லி என்ன பண்றது? நானா தொட்டி?"

"நீங்க தொட்டியா இருந்திருந்தா இந்நேரம் நானே அடைச்சிருப்பேன். போய்க் குழாய்க்காரரைக் கூட்டிட்டு வாங்க. எனக்கு வண்டிக்கு நேரமாச்சு."

குழாய்க்காரர் தரைத்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்து அறையில், ஸ்பானரால் முதுகு சொறிந்துகொண்டிருந்தார். நல்ல மனிதர். கதையைக் கேட்டு உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"குரூப் மெயில்ல போட்டீங்களா சார்?"

"நேர்லயே சொல்றேனேப்பா."

"நேர்ல சொன்னா அது பேச்சு சார். குரூப் மெயில்ல வந்தாத்தான் புகார். பேச்சுக்கெல்லாம் ஸ்பானரைத் தூக்கக்கூடாதுன்னு சங்கத்துல சொல்லியிருக்காங்க."

இந்த இடத்தில் சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பன்னிரண்டு மாடிக் கட்டடம். அதற்கு ஒரு குடியிருப்போர் நலச் சங்கம். சங்கத்துக்கு ஒரு குரூப் மெயில். அந்த ஒரு முகவரிக்கு எழுதினால் கட்டடத்தில் இருக்கிற எல்லோருக்கும் போய்ச் சேரும். புகார், அறிவிப்பு, காணாமல் போன குடை எல்லாம் அதில்தான். குரூப்பில் இருப்பவரே உறுப்பினர். உறுப்பினராக இருந்தால்தான் லிஃப்ட் அட்டை வேலை செய்யும். நன்றாக யோசித்துத்தான் செய்திருந்தார்கள். யோசித்தவர்கள் எல்லோரும் கீழ் மாடிகளில் இருந்தார்கள்.

டோப்பாக்காரர் அங்கேயே நின்று கைபேசியில் எழுதினார்: "என் வீட்டுக் கூரை ஒழுகுகிறது. தயவுசெய்து குழாய்க்காரரை உடனே அனுப்பவும்." அனுப்பிவிட்டுப் பன்னிரண்டாம் மாடியில் இருந்த தன் வீட்டுக்குப் போய், வாளிகளை வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

குழாய்க்காரர் வரவில்லை. எட்டாம் மாடி அக்காதான் வந்தார். ஒரு கையில் உருளைக்கிழங்கு மூட்டை, இன்னொரு கை இடுப்பில், மூச்சு மட்டும் எங்கேயோ மூன்றாம் மாடியில்.

"யோவ் டோப்பா! நான் உனக்கு என்னய்யா பாவம் பண்ணேன்?"

"என்னக்கா ஆச்சு?"

"என்ன ஆச்சா? லிஃப்ட்ல அட்டையை வச்சேன். 'உங்கள் உறுப்பினர் தகுதி முடிந்தது'ன்னு எழுத்து வருது. காரணம் என்னன்னு கீழேயே போட்டிருக்கு. என்ன தெரியுமா? உன் பேரு! 'என் வீட்டுக் கூரை ஒழுகுகிறது'ன்னு நீ எழுதினியாமே?"

"ஆமாக்கா, ஆனா..."

"உன் வீடு ஒழுகினா ஒழுகட்டும். அதுக்கு என்னை ஏன்யா சங்கத்தை விட்டுத் தூக்கினே?"

பேசி முடிப்பதற்குள் படியில் மேலும் சிலர் வந்து சேர்ந்தார்கள். பத்தாம் மாடி வயலின் வாத்தியார், ஏழாம் மாடிக் கணக்காளர், பதினோராம் மாடியிலிருந்து ஒருவர். எல்லோரும் தொங்கிய நாக்கோடும் செத்துப்போன லிஃப்ட் அட்டையோடும் நின்றார்கள். டோப்பாக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. உதவி கேட்டு அவர் எழுதிய கடிதம் உதவ வேண்டிய ஒருவருக்கும் போகவில்லை. ஆனால் பாதிக் கட்டடத்தின் முழங்காலைப் பதம் பார்த்துவிட்டது.

சங்க அலுவலகத்தில் இதற்கென்றே ஒருவர் இருந்தார். அனுப்புநர் மெய்யறியும் துணைக்குழுவின் அமைப்பாளர். அவ்வளவு நீளத்தை யார் சொல்வது என்று எல்லோரும் அவரை முத்திரைக்காரர் என்றே கூப்பிட்டார்கள். அவருக்கும் அதில் பெருமைதான்.

"உட்காருங்க. ரொம்பச் சுலபமா சொல்றேன்," என்றார் முத்திரைக்காரர். "நீங்க மெயில் அனுப்பினா உங்க மெயில் கம்பெனி அதுல கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரை குத்தும். 'இது இவர் எழுதினதுதான், ஒரு எழுத்துகூட மாறலை'ன்னு அர்த்தம். வாங்குற கம்பெனி முத்திரையைப் பார்க்கும். சரியா இருந்தா உள்ளே விடும். உடைஞ்சிருந்தா, எவனோ திருடன் உங்க பேர்ல எழுதியிருக்கான்னு வாசல்லயே திருப்பி அனுப்பிடும். ஊர்ல மோசடி ஜாஸ்தியாயிடுச்சுல்ல?"

"நியாயம்தான். ஆனா நான்தானே எழுதினேன்?"

"நீங்கதான் எழுதினீங்க. முத்திரை உடைஞ்சுபோச்சு."

"யார் உடைச்சது?"

முத்திரைக்காரர் கூரையைப் பார்த்தார். அது ஒழுகாத கூரை, பார்க்க இதமாக இருந்தது. "நம்ம குரூப் மெயில்தான். உங்க மெயில் வந்ததும், அடியில நாம ஒண்ணு சேர்ப்போம்."

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். டோப்பாக்காரரின் இரண்டு வரிக்குக் கீழே, கொட்டை எழுத்தில், பூ வேலை செய்த கட்டத்துக்குள் இப்படி இருந்தது:

"ஒரு சொட்டை அலட்சியம் செய்யாதவனே ஒரு கடலை அடைவான். — தலைவரின் இன்றைய பொன்மொழி."

"இதைச் சேர்த்ததும் எழுத்து மாறிடுது. முத்திரை உடையுது. வாங்குற கம்பெனியில சிலது முதல்லேருந்தே கண்டிப்பு, சிலது இப்பத்தான் கண்டிப்பாச்சு; அதெல்லாம் திருப்பி அனுப்புது. திரும்பி வந்த மெயிலைப் பார்த்து நம்ம கம்ப்யூட்டர் என்ன நினைக்குதுன்னா, 'ஓகோ, இந்த எட்டாம் மாடி அம்மாவுக்கு முகவரியே இல்லை போல'ன்னு அவங்க பேரை எடுத்துடுது. கம்ப்யூட்டர் மேல ஒரு தப்பும் இல்லை."

"அப்போ எழுதினது நான், உடைச்சது நீங்க, தண்டனை எட்டாம் மாடி அக்காவுக்கா?"

"சுருக்கமா அழகா சொல்லிட்டீங்க. இதைச் சொல்ல எங்களுக்கு ஒரு முழுக் கூட்டம் ஆச்சு."

டோப்பாக்காரர் வெள்ளந்தியாகக் கேட்டார்: "அந்தப் பொன்மொழியைச் சேர்க்காம விட்டா?"

முத்திரைக்காரரின் முகம் வெளிறியது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். ஜன்னலைச் சாத்தினார். யோசித்துப் பார்த்து அலமாரியையும் சாத்தினார்.

"மெதுவா பேசுங்க சார். நீங்க அதைச் சொல்லலை, நான் அதைக் கேட்கலை. தலைவரோட பொன்மொழியைப் போய்... அவர்கிட்ட யார் சொல்றது?"

பூனைக்கு மணி கட்டுவதென்றால்கூட ஒரு குழு போட்டிருப்பார்கள். இதற்கு அதுகூட இல்லை. அந்த நேரத்தில் உள்ளே வந்தார் செயலாளர். எப்போதும் மேடையில் நிற்கிறவர் போல நெஞ்சை முன்னால் அனுப்பிவிட்டு, ஆள் பின்னால் வருவார்.

"எல்லாம் கேட்டேன். கவலையே வேண்டாம். அனுப்புநர் மெய்யான்னு உலகமே சந்தேகப்படுது. சந்தேகம் எங்கேருந்து வருது? அனுப்புநர் இருக்கிறதாலதானே? அதனால இன்னியிலேருந்து அனுப்புநரையே எடுத்துடறோம். யார் எழுதினாலும் மெயில் தலைவர் பேர்லதான் போகும். தலைவர் பேர் சங்கத்தோட பேர். முத்திரையும் சங்கத்தோட முத்திரை. எவன் கேட்பான்?"

"தலைவர்கிட்ட கேட்டீங்களா சார்?"

"அவரைத் தொந்தரவு பண்ணக்கூடாது. அவர் பேர்ல நடக்குற எதுலயும் நாங்க அவரைத் தொந்தரவு பண்றதில்லை."

"அப்போ நான் எழுதினது நான்தான்னு எப்படித் தெரியும்?"

"விஷயம் முக்கியமா, நீங்க முக்கியமா?"

"விஷயம்தான் சார். கூரை..."

"அப்போ முடிஞ்சுது!"

விண்ணப்பித்தவர்களை எல்லாம் அன்றைக்கே மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். லிஃப்ட் அட்டைகள் உயிர்த்தெழுந்தன. எட்டாம் மாடி அக்கா தேவையில்லாமல் இரண்டு தடவை மேலும் கீழும் போய் வந்தார். டோப்பாக்காரரின் புகார் மறுபடி கிளம்பியது. இந்த முறை முத்திரை பளபளவென்று இருந்தது. ஒருவர் விடாமல் போய்ச் சேர்ந்தது.

அனுப்புநர்: தலைவர். செய்தி: "என் வீட்டுக் கூரை ஒழுகுகிறது. தயவுசெய்து குழாய்க்காரரை உடனே அனுப்பவும்."

குழாய்க்காரர் ஸ்பானரைத் தூக்கினார். ஏணியைத் தூக்கினார். நேரே தலைவர் வீட்டுக்குப் போனார்.

தலைவர் வீடு தரைத்தளத்தில், தோட்டத்துப் பக்கம். ஆள் சாது. சோபாவில் சாய்ந்து செடிகளைப் பற்றிய நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். தலைமுடி மட்டும் அடர்த்தியாக, கறுப்பாக, வயதுக்குச் சம்பந்தமில்லாமல் இருக்கும்.

"எங்க ஒழுகுது தலைவரே?"

"ஒழுகுதா? இங்கயா?"

"நீங்கதானே புகார் போட்டீங்க? மெய்யான மெயில். முத்திரை பார்த்துட்டுத்தான் வந்தேன்."

தலைவர் யோசித்தார். "முத்திரை இருக்குன்னா நான்தான் போட்டிருப்பேன். பாருப்பா."

ஒழுகாத கூரையில் ஒழுகலைக் கண்டுபிடிப்பது கஷ்டம். உண்டாக்குவது சுலபம். தட்டிப் பார்த்தார், கொத்திப் பார்த்தார், கொஞ்சம் பெரிதாகவே கொத்திப் பார்த்தார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது போல, ஓட்டை வழியாக ஒரு செருப்புக்கால் இறங்கியது. முதல் மாடிக்காரருடையது. "வணக்கம் தலைவரே, சௌக்கியமா?" என்று அது மேலேயிருந்து விசாரித்தது. கடைசியில் குழாய்க்காரர் எப்படியோ ஒரு குழாயைக் கண்டுபிடித்துக் கசியவைத்து, பிறகு அதை மிகத் திறமையாக அடைத்து, "புகார் தீர்க்கப்பட்டது" என்று எழுதிக்கொண்டு போனார்.

பன்னிரண்டாம் மாடியில் தண்ணீர்க் கயிறு இரண்டு கயிறாயிற்று.

இதற்குள் மனைவி, பேருந்து நிலையத்தில் வண்டியை ஓரம்கட்டிவிட்டு, கைபேசியில் அந்த மெயிலைப் படித்தார். மேலே யார் பெயர் இருந்தால் என்ன, புருஷன் எழுத்து பெண்டாட்டிக்குத் தெரியாதா? உடனே 'பதில்' என்ற பொத்தானை அழுத்தி, அவருக்கு மட்டும் எழுதுவதாக நினைத்து எழுதினார். நேரில் 'நீங்க' என்பார்; கடிதத்தில் 'நீ' என்பார். அது அவர்கள் வீட்டு வழக்கம்.

பொத்தானுக்கு அந்த நுணுக்கமெல்லாம் தெரியாது. மெயில் எங்கிருந்து வந்ததோ அங்கேயே போயிற்று. அங்கிருந்து, புது விதிப்படி, எல்லா வீட்டுக்கும் போயிற்று:

அனுப்புநர்: தலைவர். செய்தி: "செல்லம், சங்கத்துக்கு எழுதுறதுக்குச் சுவத்துக்கு எழுதலாம். நீ முதல்ல டோப்பாவை எல்லாம் கட்டிலுக்கு அடியில வை. துண்டுக்கு அடியில ஒண்ணு மறைச்சு வச்சிருக்கியே, அதையும்தான். யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சியா? சாயங்காலம் வந்து உன் மொட்டைத் தலையில ஒரு முத்தம் தரேன்."

அடியில், பூ வேலை செய்த கட்டத்துக்குள்: "மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவனே மாமனிதன். — தலைவரின் இன்றைய பொன்மொழி."

தலைவர் பெயரில் வந்த புகாருக்கு வந்த பதில் ஆயிற்றே, மொட்டைத் தலையும் தலைவருடையதுதான் என்று கட்டடம் படித்தது. பிறகு பன்னிரண்டு மாடியிலும் ஒரே நேரத்தில் சிரிப்பு வெடித்தது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

பதில்கள் பறந்தன. எல்லாப் பதிலும் தலைவர் பெயரிலேயே பறந்தன. "தலைவரே, டோப்பாவா?" என்று தலைவர் கேட்டார். "நான் அப்பவே சந்தேகப்பட்டேன்" என்று தலைவர் சொன்னார். "அவர் முடியைப் பத்திப் பேச நீ யார்?" என்று தலைவர் சீறினார். "தைரியம் இருந்தா பேரைப் போட்டு எழுதுடா!" என்று தலைவர் சவால் விட்டார். இருட்டுவதற்குள் தலைவர் தன்னைப் பதவி விலகச் சொல்லி, முடியாது என்று மறுத்து, தன்னை முட்டாள் என்று திட்டி, தன்னிடமே மன்னிப்பும் கேட்டு முடித்திருந்தார்.

உண்மையான தலைவரோ தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். போகிறவர் வருகிறவரெல்லாம் ஏன் தன் உச்சந்தலையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்பது மட்டும் அவருக்குப் புரியவில்லை. மாலையில் டோப்பாக்காரரை வழியில் பிடித்தார்.

"ஏம்பா, எல்லாரும் என் தலையையே பார்க்குறாங்களே? நீ யார்கிட்டயாவது...?"

"சத்தியமா இல்லை தலைவரே! நாக்கை அடக்குறதும் என் தொழில்தானே."

"அதானே. ஒருவேளை பூச்சி ஏதாவது உட்கார்ந்திருக்குமோ?" என்று தலையைத் தடவிக்கொண்டு போனார். மேலே மகாராணியும் நனைகிறாள், கீழே தொழில் தர்மமும் நனைகிறது.

அவசரப் பொதுக்கூட்டம் மறுநாள் காலை, தரைத்தளக் கூடத்தில் நடந்தது. பொருள்: அனுப்புநர் மெய்யறிதலில் அடுத்த கட்டம்.

டோப்பாக்காரர் தாமதமாக வந்தார். காரணம், அவர் வீட்டில் இப்போது காய்ந்த இடமே இல்லை. கட்டிலுக்கு அடியிலும் தண்ணீர். இரண்டு கையிலும் தோளிலும் கழுத்திலுமாக அத்தனை டோப்பாவையும் அள்ளிக்கொண்டு இறங்கியிருந்தார். கூடத்தில் அவற்றை வைக்க ஒரு மேசை கிடையாது. தரையில் வைத்தால் மிதிபடும். டோப்பாவுக்குப் பத்திரமான இடம் உலகத்தில் ஒன்றுதான்.

"அக்கா, கொஞ்ச நேரம் இதைத் தலையில வச்சுக்குங்களேன். புண்ணியமாப் போகும்."

"என்னய்யா இது?"

"நீதிபதி."

எட்டாம் மாடி அக்கா நீதிபதியை மாட்டிக்கொண்டு, கைபேசியில் முகம் பார்த்தார். பிடித்துப்போயிற்று. அதைப் பார்த்து வயலின் வாத்தியார் மகாராணியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கணக்காளரும் அவர் எதிரி பதினோராம் மாடிக்காரரும் இரட்டைச் சகோதரிகள் ஆனார்கள். முத்திரைக்காரர் தலையில், அவர் எதிர்ப்பதற்குள், மந்திரவாதி உட்கார்ந்துவிட்டான். குழாய்க்காரருக்கு விதூஷகன். மிச்சமிருந்த துண்டுச் சுருட்டை மட்டும் டோப்பாக்காரர் அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

தலைவர் உள்ளே வந்தபோது நிமிர்ந்து பார்த்த ஒவ்வொரு தலையிலும் இன்னொரு தலை இருந்தது. ஒருவரும் அவர் முடியைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் இந்தக் கூட்டத்தில் அதுதான் இயற்கையாக இருந்தது.

"அடடே, மாறுவேடப் போட்டியா? எனக்கு யாருமே சொல்லலையே! பரவாயில்லை, என்னோடது சொந்தம்," என்றார் தலைவர், யாரும் கேட்காமலே. தலைக்கு வந்தது டோப்பாவோடு போயிற்று என்று டோப்பாக்காரர் பெருமூச்சு விட்டார்.

செயலாளர் எழுந்தார். வருகைப் பதிவு எடுக்க முயன்று, எதிரே இருப்பவர்கள் யார் என்று அடையாளம் தெரியாமல் அதைக் கைவிட்டார்.

"பெருமக்களே! நேத்து ஒரு சின்னக் குழப்பம். ஆனா ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். நேத்து போன அத்தனை மெயிலும் மெய்! நூத்துக்கு நூறு! உள்ளே இருந்ததுதான் பொய். அதுக்கு நாங்க பொறுப்பில்லை. நாங்க ஆராய்ஞ்சு பார்த்ததுல, எல்லாக் கோளாறுக்கும் மூல காரணம் ஒண்ணுதான். உறுப்பினர்கள் எழுதுறாங்க. எழுதாம இருந்தப்போ நம்ம குரூப் மெயில்ல ஒரு முத்திரைகூட உடைஞ்சதில்லை."

கைதட்டல். விதூஷகன் ஏன் தட்டுகிறோம் என்று தெரியாமல் தட்டினார்.

மந்திரவாதியாகிவிட்ட முத்திரைக்காரர் விளக்கினார். "இனிமே சாட்சிச் சங்கிலி. மாடிக்கு ஒரு சாட்சி. மெயில் ஒவ்வொருத்தர் கையா போகும். 'நான் பார்த்தப்போ இது ஒழுங்காத்தான் இருந்துச்சு'ன்னு ஒவ்வொருத்தரும் சாட்சி சொல்லணும். கடைசியில உடைஞ்சிருந்தாலும் முதல்ல உடையலைன்னு உலகத்துக்குத் தெரியும். இப்பவே செஞ்சு காட்டலாம். டோப்பாக்காரரே, உங்க புகாரைச் சொல்லுங்க."

"என் வீட்டுக் கூரை ஒழுகுதுங்க."

பதினோராம் மாடி சாட்சி எழுந்தார். "'என் வீட்டுக் கூரை ஒழுகுது'ன்னு டோப்பாக்காரர் சொன்னார். நான் கேட்டப்போ சரியா இருந்துச்சு."

வயலின் வாத்தியார் எழுந்து மகாராணியைச் சரிசெய்துகொண்டார். "'என் வீட்டுக் கூரை ஒழுகுது'ன்னு டோப்பாக்காரர் சொன்னதா பதினோராம் மாடிக்காரர் சொன்னார். அவர் சொன்னப்போ சரியா இருந்துச்சு. ஆனா அவர் பொதுவா பொய் சொல்றவர்."

"யோவ்!"

"சாட்சிக்குக் குறுக்கே பேசாதீங்க!" என்றார் முத்திரைக்காரர்.

ஒன்பதாம் மாடி சாட்சி ஒன்றை மறந்து முதலிலிருந்து ஆரம்பித்தார். எட்டாம் மாடி அக்கா நீதிபதியின் மிடுக்கோடு, "சொல்லப்பட்டதாகச் சொல்லப்பட்டதைச் சொன்னதாக..." என்று தொடங்கி நிறுத்தினார். "என்னய்யா, கால் நனையுது?"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். கூடத்து வாசல் வழியாக, படிக்கட்டிலிருந்து, தண்ணீர் நிதானமாக நடந்து வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு மாடி இறங்கி வந்த களைப்பே இல்லை. சாட்சி யாரும் கேட்காமலே புகார் நேரில் ஆஜராகிவிட்டது.

அதன் பின்னாலேயே வந்தார் டோப்பாக்காரரின் மனைவி. சீருடையோடு, முழங்கால் வரை நனைந்து.

"இங்க என்ன கச்சேரி நடக்குது? மேல எங்க வீட்டுக் கட்டில் மிதக்குது! குழாய்க்காரரே, எழுந்திருங்க!"

விதூஷகன் பாதி எழுந்து செயலாளரைப் பார்த்தார்.

செயலாளர் தொண்டையைக் கனைத்தார். "அம்மா, நீங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம். ஆனா நேர்ல சொல்றதுக்கு முத்திரை கிடையாதே. நீங்கதான் நீங்கன்னு இந்தச் சபை எப்படி நம்பும்?"

"இது என் மூஞ்சி. இது என் குரல். இது உங்க செருப்பு, மிதக்குது பாருங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

யாரும் அசையவில்லை. குழாய்க்காரர் மட்டும் மெல்ல டோப்பாக்காரர் பக்கம் சாய்ந்து, காதில் கேட்டார்: "சார், இந்த டோப்பாவோட போனா, போறது நான்னு யாருக்கும் தெரியாதுல்ல?"

"உன் அம்மாவுக்கே தெரியாது."

"அப்போ நான் போகலை. யாரோ ஒரு கோமாளி போறான்." ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு விதூஷகன் படிகளில் பாய்ந்தார். பொதுக்கூட்டம் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் யார் என்று பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

எல்லோரும் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். செயலாளர் சாட்சிச் சங்கிலியை விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்றார். யாரும் தொடரவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசல் தண்ணீர் மெலிந்தது. கயிறு நூலாயிற்று, நூல் சொட்டாயிற்று, சொட்டும் நின்றது. மகாராணி வயலின் வாத்தியார் தலையில் ஒரு முடிகூட நனையாமல் உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும் டோப்பாக்காரருக்கு இத்தனை நாள் இல்லாத தைரியம் வந்தது. நாடகம் பிழைத்தது. பிழைப்பு பிழைத்தது. இனி என்ன?

அக்குளில் துண்டுச் சுருட்டோடு எழுந்து நின்றார்.

"தலைவரே, ஒண்ணு கேட்கலாமா?"

முத்திரைக்காரர் மந்திரவாதியைக் கண் வரை இழுத்து மூடிக்கொண்டார். செயலாளர் "வேண்டாம், வேண்டாம்" என்று சைகை காட்டினார்.

"நாங்க எழுதுற ஒவ்வொரு மெயிலுக்கு அடியிலயும் உங்க பொன்மொழியைச் சேர்க்குறாங்க. அதைச் சேர்க்குறதாலதான் முத்திரை உடையுது, மெயில் திரும்பி வருது, எங்க லிஃப்ட் அட்டை சாகுது, உங்க கூரையில ஓட்டை விழுது. அதை மட்டும் நிறுத்திட்டா வேற ஒண்ணுமே பண்ண வேண்டாம். கோவிச்சுக்காதீங்க."

அத்தனை டோப்பாக்களும் தலைவர் பக்கம் திரும்பின.

தலைவர் நெற்றியைச் சுருக்கினார். "பொன்மொழியா? நான் எப்போ சொன்னேன்?"

எல்லா டோப்பாக்களும் ஒரே நேரத்தில் செயலாளர் பக்கம் திரும்பின.

"நீங்க... சொன்னதுதான் தலைவரே," என்றார் செயலாளர். நெஞ்சு முதல் முறையாக ஆளுக்குப் பின்னால் போயிருந்தது. "அதாவது, நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நான் நினைச்சது. தினமும் ஒண்ணு உட்கார்ந்து எழுதுவேன். உங்களுக்குப் பிடிக்குதுன்னுதான்... ஒரு நாளாவது நீங்க வேண்டாம்னு சொல்லியிருக்கீங்களா?"

"எங்கய்யா சொல்றது? அதைப் பார்த்தாத்தானே சொல்றதுக்கு!"

முத்திரைக்காரர் கைபேசியை எடுத்தார். உறுப்பினர் பட்டியலில் மேலிருந்து கீழே தேடினார். கீழிருந்து மேலே தேடினார். மந்திரவாதி மெதுவாக அவர் மூக்கு வரை இறங்கினான்.

"தலைவரே... முதல் பொன்மொழி போன அன்னைக்கே உங்களுக்கு அனுப்பினது திரும்பி வந்திருக்கு. கம்ப்யூட்டர் உங்க பேரை எடுத்துடுச்சு. நீங்க குரூப்புலயே இல்லை. லிஃப்ட் அட்டை வேலை செய்யலைன்னு ஒரு நாள்கூட உங்களுக்குத் தோணலையா?"

"நான் தரைத்தளம்ப்பா. எனக்கு லிஃப்ட் எதுக்கு?"

டோப்பாக்காரரின் மனைவி ஷூவைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினார். "அப்போ இத்தனை வருஷமா நாங்க எழுதின ஒண்ணுகூட உங்களுக்கு வரலையா சார்?"

தலைவர் கள்ளமில்லாமல் சிரித்தார்.

"வரலையேம்மா. கட்டடத்துல யாருக்கும் ஒரு குறையும் இல்லைன்னுல்ல நான் நிம்மதியா இருந்தேன்!"